லண்டனில் வோட்டு, விட்பியில் வீடு

எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அதன் சத்தத்தை யாரும் கூட்டுவதில்லை. அந்த வருடம் முழுவதும் அதில் அடிக்கடி லண்டன் பாராளுமன்றத்தைக் காட்டினார்கள். பச்சைத் தோல் போட்ட நீள வாங்குகளில் ஆட்கள் நெருக்கியடித்து இருப்பார்கள். ஒருவர் எழும்பிப் பேச, மற்றவர்கள் வாயைத் திறந்து கத்துவார்கள். சத்தம் இல்லாதபடியால் மீன்தொட்டியைப் பார்ப்பது போல இருக்கும். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் பிரிவதா, எப்போது பிரிவது, எப்படிப் பிரிவது என்பதெல்லாம் அவர்களுடைய வழக்கு. அதில் எனக்கு ஒரு பக்கமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் காசு அங்கேதான் இருந்தது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், விட்பியில் ஒரு புதுக் குடியிருப்பில், கட்டுவதற்கு முன்பே நாங்கள் ஒரு வீட்டுக்குக் கையெழுத்து வைத்திருந்தோம். முற்பணத்தைத் தவணை தவணையாகக் கட்டிவிட்டோம். வீடு முடிந்து சாவி தரும் நாளில் இன்னொரு பெரிய தொகை கட்டவேண்டும். மிச்சத்துக்குத்தான் இங்கத்தை வங்கி கடன் தரும். அந்தப் பெரிய தொகை லண்டனில், ஒரு வங்கியின் பங்குகளாக, என் அண்ணையின் பெயரில் கிடந்தது. உரிய நாளில் அதை விற்று எடுத்துக் கட்டாவிட்டால் வீடும் போகும், கட்டிய முற்பணமும் போகும்.

வீட்டு விஷயம் அண்ணைக்குத் தெரியாது. காசு சும்மா கிடக்கிற காசு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அண்ணை லண்டனுக்குப் போய் முப்பது வருடமாகிறது. பெட்ரோல் நிலையத்தில் நின்றார், பிறகு ஒரு சின்னக் கடை எடுத்தார். இங்கிலாந்தில் பிரிவதற்கு வோட்டுப் போட்ட அடுத்த கோடையில், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு ரொறன்ரோ வந்தார். பார்க்டேலில் எங்கள் அப்பார்ட்மென்ற் பல்கனியில் இருந்து கீழே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார். அந்த நேரம் மனைவி ஒரு சீட்டை இடையில் கழிவு கொடுத்து எடுக்காமல், கடைசிவரை விட்டு முழுக்காசாக எடுத்திருந்தாள். என்னுடைய ஓவர்டைம் காசும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அதை அண்ணையிடம் சொன்னது நான்தான்.

"காசை என்னத்துக்கடா நித்திரை கொள்ள விட்டிருக்கிறாய்?" என்றார்.

"சும்மா கிடக்கட்டும் எண்டு."

"சும்மா விட்டால் அது சும்மாதான் கிடக்கும். அங்க வோட்டுப் போட்ட அண்டைக்கு பாங்கு ஷெயரெல்லாம் குப்புற விழுந்தது. இப்ப மெல்ல எழும்புது. பிரியிற அலுவல் ஒருக்கா முடியட்டும், பிறகு பார். நானும் வாங்கி வைச்சிருக்கிறன். பயமெண்டால் வேண்டாம்."

"உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை."

இதுதான் நான் யோசித்த அளவு. எனக்கு அங்கே கணக்கு இல்லை, அதனால் அவருடைய பெயரிலேயே வாங்கினோம். எங்களுக்குள் அப்படி வாங்குவது புதிதில்லை. எழுத்து ஒன்றும் வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை.

விட்பி வீடு அதற்குச் சில மாதம் கழித்து வந்தது. மனைவியோடு வேலை செய்யும் ஒருத்தி சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். வெறும் மண்தரை. பக்கத்தில் ஒரு தற்காலிகக் கட்டடத்துக்குள் கண்ணாடிப் பெட்டியில் சின்னச் சின்ன வீடுகள் வைத்திருந்தார்கள். மனைவி ஒன்றின் மேல் விரலை வைத்து, "மூலை வீடு வேண்டாம், ரெண்டு பக்கமும் பனி வழிக்கிற வேலை கூட," என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்தது, அவள் மனதுக்குள் குடிவந்துவிட்டாள் என்று. பெரிய காசு கட்டுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. லண்டன் பிரச்சினை அதற்குள் முடியும் என்று அண்ணை சொல்லியிருந்தார்.

திரும்பி வரும்போது காருக்குள் அவள் ஒரு கட்டளை போட்டாள்.

"பால் காய்ச்சுற அண்டுதான் சொல்லுறது. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. என்ர தங்கச்சிக்கும் இல்லை, உங்கட அண்ணைக்கும் இல்லை."

"அண்ணைக்குமோ?"

"அண்ணைக்குச் சொன்னால் அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரிஞ்சால் லண்டனுக்கே தெரியும். கண்ணூறு பொல்லாதது."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில வருடத்துக்கு முன்னர் ஸ்காபரோவில் ஒரு வீடு பேசி, எல்லோருக்கும் சொல்லி, கடைசியில் வங்கி கடன் தரமாட்டோம் என்றுவிட்டது. அதற்குப் பிறகு போகிற கலியாண மண்டபமெல்லாம், "வீடு குடிபூந்தாச்சோ? எங்களுக்குச் சொல்லேல்லை," என்று கேட்டார்கள். மனைவி கையில் வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போவாள். இரண்டாம் முறையும் அப்படி நடப்பதை அவளால் தாங்க முடியாது. நானும் கண்ணூறு இல்லை என்று சொல்கிற ஆளில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுகம். அதனால் ஓம் என்றேன்.

இரண்டு வருடம் போனது. மண்தரையில் வீடுகள் எழும்பின. லண்டனில் ஒன்றும் முடியவில்லை.

தொழிற்சாலையில் என் வேலை, தயிர்க் கிண்ணங்களுக்குப் போடும் பிளாஸ்டிக் மூடிகளைப் பார்ப்பது. ஓடும் பட்டியில் வரிசையாக வரும். நெளிந்ததை எடுத்து எறியவேண்டும், அவ்வளவுதான். ரெக்ஸ்டேலில் அந்த இடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே நானா அங்கே போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம், என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தொலைக்காட்சியில் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அது ஓடிப்போய்விடும். நானா வாசித்துச் சொல்வார். என் கைத்தொலைபேசியில் பங்கு விலை தெரிகிற மாதிரிச் செய்து தந்ததும் அவர்தான். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அதற்குப் படிப்புத் தேவையில்லை.

"தம்பி, இண்டைக்கும் அடிபடுகினம்," என்பார்.

"என்னவாம் நானா?"

"நேற்று வேண்டாமெண்டதை இண்டைக்கும் வேண்டாமாம். அப்ப என்னதான் வேணுமெண்டு எட்டு விதமாய் எழுதிக் கேட்டிருக்கினம். எட்டும் வேண்டாமாம்."

"அப்ப?"

"அப்ப என்ன, தவணை கேக்கப் போகினம். உம்மட ஷெயர் என்ன சொல்லுது?"

"சிவப்பு."

"நான் வட்டிக்காசு திங்கிற இடத்துக்குப் பக்கத்திலயும் போறதில்லை. அல்லா காப்பாத்தினான், நித்திரை வருது. நீர் சாப்பிடும், சோறு காயுது."

நானாவுக்கும் வீட்டைப் பற்றித் தெரியாது. பங்குக் காசு கொஞ்சம் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

முதல் முறை அவர்கள் பிரிவதற்கான உடன்படிக்கையை வேண்டாம் என்று வோட்டுப் போட்ட கிழமை, நான் பயந்துபோவேன் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. சிவப்பைப் பார்த்தேன், தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன், திரும்பப் போய் மூடிகளைப் பார்த்தேன். அடுத்த முறையும் அப்படித்தான். மார்ச்சில் பிரிவோம் என்றார்கள், ஏப்ரல் என்றார்கள், பிறகு ஒக்டோபர் கடைசி என்றார்கள். ஒவ்வொரு முறையும் விலை கொஞ்சம் ஏறி, இன்னும் கொஞ்சம் இறங்கியது. குளிரில் அதிக நேரம் நின்றால் முதலில் விரல் நோகும், பிறகு நோவும் தெரியாது. எனக்குள் ஏதோ அப்படி ஆகிக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நிறம் என்று கேட்டால், உமக்குப் பிடித்தது எடும் என்பேன். அவளுக்கு அது கோபம்.

அண்ணையோடு ஞாயிறு காலையில் பேசுவது வழக்கம். எனக்குக் காலை, அவருக்குக் கடையில் ஆட்கள் குறைந்த பின்னேரம். அந்த வருடம் நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே விஷயத்தைக் கேட்க நினைத்தேன். நினைத்த அளவுக்குக் கேட்கவில்லை.

"அண்ணை, இப்ப வித்தால் என்ன?"

"என்னடா, அவசரமோ?"

"இல்லை, சும்மா."

"சும்மா எண்டால் பேசாமல் இரு. விழுந்து கிடக்கேக்கை விக்கிறதோ? நீ டிவியைப் பாத்துப் பயப்பிடுறாய். அந்த டிவியை நிப்பாட்டு."

"ஓமண்ணை."

அவர் என்னில் உள்ள அக்கறையில் சொன்னார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை. தன்னுடைய பங்கையும் அவர் விற்கவில்லை. பத்திரிகை வாங்கி வாசித்து, எந்தக் கட்சிக்குள் யார் யார் பிரிந்து நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கப்படுத்துவார். நான் ஓம், ஓம் என்பேன். கோடையில் விலை நாங்கள் வாங்கியபோது இருந்ததைவிட மிகவும் கீழே போனது. அப்போது இரண்டு ஞாயிறு நான் பங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனித்தார்.

"இப்பதான் உனக்குத் துணிவு வந்திருக்கு," என்றார்.

ஒக்டோபரில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து தொலைபேசியை எடுத்தால் பச்சை. முன்பு ஒருநாளும் இவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை. நானா தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னார்: இங்கிலாந்துப் பிரதமரும் அயர்லாந்துப் பிரதமரும் எங்கோ ஒரு தோட்டத்தில் நடந்தபடி கதைத்தார்களாம், ஒரு வழி தெரிகிறது என்றார்களாம்.

"நடந்துபோய்க் கதைச்சதுக்கோ இவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஓம். இன்னும் கொஞ்சத் தூரம் நடந்திருந்தால் நீர் பணக்காரன்."

அடுத்த நாளும் பச்சை. ஞாயிறு வரை பொறுக்காமல் அன்றைக்கே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கடையில் நின்று சிரித்தார். நான் சொன்னனான்தானே, நான் சொன்னனான்தானே என்றார்.

"அண்ணை, பாதியையெண்டாலும் விப்பமோ?"

"இப்ப விக்கிறவன் விசரன். இது துவக்கம்."

"இல்லை, பாதியை..."

அவருடைய குரல் மாறியது. "உண்மையைச் சொல்லு. ஆரும் கைமாத்துக் கேக்கினமோ?"

"இல்லையண்ணை."

"உன்னை எனக்குத் தெரியும். ஆர் கேட்டாலும் உனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வராது. அந்தக் காசு என்னட்டக் கிடக்கிறதுதான் உனக்குப் பாதுகாப்பு. கேக்கிறவைக்கு, அண்ணை தரமாட்டன் எண்டிட்டான் எண்டு சொல்லு. பழி எனக்கு வரட்டும்."

மனைவி அகப்பையோடு குசினி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லவேண்டாம் என்று தலையாட்டினாள். நான், "சரியண்ணை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீடு கட்டுகிற நிறுவனத்திடமிருந்து அறிவித்தல் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு தரம் தள்ளிப்போட்டவர்கள் இப்போது நாளைச் சொன்னார்கள். நவம்பர் கடைசி. அதே நாட்களில் லண்டனில் பிரிவது திரும்பவும் தள்ளிப்போய், டிசம்பரில் தேர்தல் என்றார்கள். பச்சை நின்றுவிட்டது. ஒரு நாள் ஏறும், அடுத்த நாள் இறங்கும். யார் வெல்வார்கள் என்று தெரியும்வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நானா வாசித்துச் சொன்னார். அண்ணை, தேர்தல் முடியட்டும் என்றார். தேர்தல் எங்கள் சாவி நாளுக்கு இரண்டு கிழமை பிந்தி வந்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் மனைவியிடம், "அண்ணைக்குச் சொல்லத்தான் வேணும்," என்றேன்.

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "வேற மாதிரிக் கேக்கேலாதோ? வருத்தம், மருந்துச் செலவு எண்டு..."

"வாயால வருத்தத்தைக் கூப்பிடுறதோ?"

அது அவளுக்கும் சரியாகப் பட்டது. கண்ணூறைவிட அது பெரிய ஆபத்து. கொஞ்ச நேரம் மடித்ததையே திரும்ப மடித்தாள்.

"சொல்லுங்கோ. ஆனால் அண்ணிக்குச் சொல்லவேண்டாமெண்டும் சொல்லுங்கோ."

நான் பல்கனிக்குப் போய் எடுத்தேன். அங்கே கடை பூட்டுகிற நேரம்.

"அண்ணை, தேர்தலுக்கு முதல் விக்கவேணும்."

"திருப்பியும் துவங்கீட்டியோ. ஏனெண்டு சொல்லு பாப்பம்."

"வீடு ஒண்டு எடுத்திருக்கிறம்."

"ஆர்?"

"நாங்கள்தான். விட்பியில. இந்த மாதக் கடைசியில காசு கட்டவேணும்."

"எப்ப எடுத்தனீங்கள்?"

"நீங்கள் கலியாணத்துக்கு வந்திட்டுப் போன பிறகு. அந்த வருசமே."

அவருடைய பக்கத்தில் கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் பால் இருக்கிறதா என்று கேட்டார்கள். அண்ணை இருக்கிறது என்று சொல்லி, விலையைச் சொல்லி, நன்றியும் சொன்னார். கதவு மூடியது.

"அப்ப நான் விக்காதை விக்காதை எண்டு சொல்லச் சொல்ல, நீ ஓமண்ணை ஓமண்ணை எண்டு கொண்டிருந்தனீ."

"ஓம்."

"போன மாதம் ஏறினதே, அண்டைக்குச் சொல்லியிருந்தால் அண்டைக்கே வித்துத் தந்திருப்பன். என்னத்துக்கடா சொல்லேல்லை?"

"பால் காய்ச்சிப்போட்டுச் சொல்லுவம் எண்டு..."

"கண்ணூறுக்கோ?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ர கண்ணுக்கோ?"

கீழே ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் வெளிச்சம் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனைவி சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நான் ரயில் பெட்டிகளை எண்ணினேன். மனதில் வேறொன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"நாளைக்கு விக்கிறன்," என்றார். "பாங்கு விபரத்தை அனுப்பு."

அண்ணிக்குச் சொல்லவேண்டாம் என்று சொல்வதற்கு இருந்தேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார். நல்ல வேளை.

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள். "என்ன சொன்னவர்?"

"நாளைக்கு விக்கிறாராம்."

"கோவமோ?"

"தெரியேல்லை."

அடுத்த நாள், வேலையில் நிற்கும்போது அண்ணையிடமிருந்து ஒரு படம் வந்தது. விற்ற விபரம். அதோடு ஒரு வசனமும் இல்லை. காசு ஒரு கிழமைக்குள் வந்து சேர்ந்தது. வாங்கியதைவிடக் குறைவு. குறைந்த காசுக்கு வங்கியில் இன்னொரு கடன் எடுத்தோம், வட்டி கொஞ்சம் கூடத்தான். சட்டத்தரணியின் அலுவலகத்தில் எத்தனையோ தாளில் கையெழுத்து வைத்தேன். அவர் சாவியை ஒரு சின்னக் கடித உறைக்குள் போட்டுத் தந்தார். மனைவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் காரை எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பால் காய்ச்சியது சனிக்கிழமை. மின்சார அடுப்பில் பால் பொங்க வெகுநேரம் எடுத்தது. எல்லோரும் பானையைப் பார்த்தபடி நின்றோம். மனைவியின் தங்கை, "இப்பிடியும் கள்ளத்தனமாய் ஆக்கள் வீடு வாங்குவினமோ," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், எல்லா அறையையும் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள். நானாவையும் கூப்பிட்டிருந்தேன். ரெக்ஸ்டேலில் இருந்து இவ்வளவு தூரம் வந்தார்.

"என்ர கண்ணும் பொல்லாத கண்ணெண்டு நினைச்சனீரோ?" என்று கேட்டு, தானே சிரித்தார். "போர்க்லிஃப்ட் ஓட்டுற கண், தம்பி. முன்னால இருக்கிற பெட்டியைத் தவிர ஒண்டும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணைக்கு மனைவி படங்கள் அனுப்பினாள். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அந்த ஞாயிறு அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே.

தேர்தல் முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. விட்பியில் இருந்து வேலைக்கு ரயிலும் பஸ்ஸும் மாறி வரவேண்டும். ரயிலில் இருந்துதான் பார்த்தேன். முழுப் பச்சை. ஒரு கட்சி தெளிவாக வென்றுவிட்டது, இனி இழுபறி இல்லை என்று பங்குகள் எல்லாம் ஏறியிருந்தன. எங்கள் வங்கி, நாங்கள் வாங்கிய விலைக்குக் கிட்ட வந்து நின்றது. எங்கள் சாவி நாளுக்கு இரண்டு கிழமை பிந்தி. நான் அதைப் பார்த்தேன். முன்னால் இருந்தவர் கோப்பியைத் தொடையில் வைத்துக்கொண்டு தூங்கி விழுந்தார். கோப்பி ஊற்றுப்படுமோ என்று அதையே கவனித்துக்கொண்டு வந்தேன். ஊற்றுப்படவில்லை.

சாப்பாட்டறையில் நானா தொலைக்காட்சியைக் காட்டி வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடும்," என்றார்.

அந்த ஞாயிறு நான் எடுத்தேன். அவர் எடுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். எடுத்தார்.

"பாத்தனியோ?" என்றார்.

"பாத்தன்."

"என்ரதை நான் விக்கேல்லை."

"நல்லது அண்ணை."

"உன்ரதை விக்காமல் நான் அந்தக் காசைத் தந்திருக்கலாம். என்னட்ட அவ்வளவு கையில இருந்தது. அண்டைக்கு யோசிச்சனான். யோசிச்சுப்போட்டுத்தான் வித்தனான்."

ஓம் என்று மட்டும் சொன்னேன். கடையின் குளிர்ப்பெட்டி இரையும் சத்தம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தது.

"வீட்டில எத்தினை அறை?" என்று கேட்டார்.

"மூண்டு."

"காணும், போதும்," என்றார். "ஆள் வந்திட்டுது, வைக்கிறன்."

மனைவி திரைச்சீலைக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி கதிரையில் ஏறி நின்றாள். "என்ன கேட்டவர்?" என்றாள்.

"எத்தினை அறையெண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மூண்டெண்டு."

அவள் கம்பியைக் கொளுவிவிட்டு, அது சரியாக நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். "ரெண்டெண்டு சொல்லியிருக்கலாம்," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.